ஆள் பிடிக்கும் பட்டியல்

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு தொழில் கண்காட்சி முடிகிறது. ஸ்டால் போட்டவர்கள் பேனரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விற்பனைப் பிரிவில் ஒருவருக்கு மட்டும் அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். சேர்ந்த விசிட்டிங் கார்டுகளை எக்ஸலில் தட்ட வேண்டும், கண்காட்சி கையேட்டில் உள்ள கம்பெனிகளின் பெயர்களைச் சேர்க்க வேண்டும், பிறகு அத்தனையையும் வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சி.ஆர்.எம். மென்பொருளில் ஏற்ற வேண்டும். 'லீட்' என்று அவர்கள் சொல்லும் வருங்கால வாடிக்கையாளர்கள் அங்கேதான் உட்கார்ந்து, அடுத்த வாரத்துத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். இப்போது இந்த வேலையை ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் ஒப்படைக்கிறார்கள். கையேட்டை இணைத்து, இதில் இருப்பவர்களை எல்லாம் ஏற்றிவிடு, ஏற்கெனவே இருப்பவர்களை விட்டுவிடு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

புத்தம்புது வசதிதான். ஆனால் முன்பின் தெரியாதவர்களின் பெயர்களை மொத்தமாக அள்ளி ஓரிடத்தில் சேர்த்து, அவர்களிடம் எதையாவது விற்கப் பார்ப்பது சுமார் 350 ஆண்டு காலத் தொழில். லண்டன் தபால்காரர்கள், நியூயார்க்கில் கடனில் மூழ்கிய ஒரு பட்டு வியாபாரி, அமெரிக்க நாட்டுப்புறத்து ரயில்வே ஊழியர், உத்தரப் பிரதேசக் கிராமத்திலிருந்து போன ஒரு விவசாயப் பொறியாளர் என்று இதற்குச் சம்பந்தமில்லாதவர்கள்போல் தோன்றும் பலர் அதை வளர்த்திருக்கிறார்கள்.

1677இல் லண்டன் லம்பார்ட் தெருவில் புத்தகக் கடை வைத்திருந்த சாமுவேல் லீ ஒரு கையடக்கப் புத்தகம் போட்டார். நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் வணிகர்களின் பெயர்கள், இருக்கும் இடங்கள். அவ்வளவுதான் அதன் சரக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அகர வரிசையில் நின்றன. வாடிக்கையாளர்களின் பணத்தை வைத்துப் புழங்கிய பொற்கொல்லர்கள், அதாவது அன்றைய வங்கிக்காரர்கள், தனிப் பட்டியலாகப் பின்னால் வந்தார்கள். அப்போது லண்டனில் கதவிலக்கம் கிடையாது. அதனால் முகவரி என்பது கடை வாசலில் தொங்கும் பலகைதான். லம்பார்ட் தெருவில் வெட்டுக்கிளிப் பலகை மாட்டிய கடை என்று போட்டிருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். லண்டன் வணிகர்களுக்கு வந்த முதல் டைரக்டரி இதுதான். லீக்கு என்ன லாபம் கிடைத்ததோ, அப்படி இன்னொரு புத்தகம் வெளிவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஒருவர் உட்கார்ந்து பெயர் சேகரித்தால் ஆயிரம் வரும், இரண்டாயிரம் வரும். லட்சம் வேண்டுமென்றால்? அதற்கு விடை கண்டவர் ஃபிரெடரிக் கெல்லி. 1830களில் லண்டன் தபால்துறையில் கடிதம் பட்டுவாடா செய்பவர்களுக்கு அவர் மேலதிகாரி. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தினமும் தட்டும் ஒரு படையே கையில் இருக்கிறது. யார் வீடு மாறினார், எந்தக் கடை மூடியது, யார் புதிதாக வந்தார் என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? லண்டன் தபால் டைரக்டரியின் உரிமையைக் கெல்லி சொந்தப் பணத்தில் வாங்கினார். தபால்காரர்களை வைத்தே விவரம் திரட்டினார். அரசாங்கச் சம்பளத்தில் நடப்பவர்களை வைத்துத் தனியார் வியாபாரமா என்று போட்டியாளர்கள் கூச்சல் போட்டார்கள். நியாயமான கூச்சல்தான். எதிர்ப்பு முற்றியதும் அந்த வழி அடைபட்டது, சொந்தச் செலவில் ஆள் வைக்க வேண்டியதாயிற்று. அதற்குள் கெல்லி குடும்பம் வேரூன்றிவிட்டது. பிரிட்டனில் டைரக்டரி என்றாலே கெல்லி என்று ஆகி, அடுத்த நூற்றாண்டு வரை ஓடியது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வேறு கதை. லூயிஸ் டப்பனும் அவருடைய அண்ணன் ஆர்தரும் நியூயார்க்கில் பட்டு மொத்த வியாபாரிகள். 1837இல் வந்த நிதி நெருக்கடியில் அவர்கள் கடை படுத்துவிட்டது. ஊர் ஊராகச் சிறு வியாபாரிகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்திருந்தார்கள், பணம் திரும்பி வரவில்லை. கடன் வாங்குபவன் எப்படிப்பட்டவன் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காதே என்று யோசித்த லூயிஸ், அந்த யோசனையையே தொழிலாக்கினார். 1841இல் மெர்க்கன்டைல் ஏஜென்சி தொடங்கியது. ஊருக்கு ஊர் வக்கீல்களைப் பிடித்து, உள்ளூர் வியாபாரிகளைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்னார். கூலி கிடையாது. வசூலாகாத கடன் வழக்குகள் அந்த ஊரில் வந்தால் அவர்களுக்கே போகும் என்ற நம்பிக்கைதான் கூலி. எழுதி அனுப்பியவர்களில் இல்லினாய்ஸ் மாநிலத்து வக்கீல் ஒருவரும் உண்டு, பெயர் ஆபிரகாம் லிங்கன். லூயிஸ் டப்பன் அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்தவர். அமிஸ்டாட் கப்பலில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக வழக்கு நடத்திய குழுவிலும் இருந்தார். அப்படிப்பட்டவர், முகம் தெரியாத மனிதர்களின் சொத்து, குணம், குடிப்பழக்கம் எல்லாவற்றையும் பேரேட்டில் ஏற்றும் தொழிலைத் தொடங்கிவைத்தார் என்பதை நினைத்தால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது.

அந்தப் பேரேடுகள் முதலில் ரகசியமாக இருந்தன. சந்தாதாரர் நேரில் வந்தால், குமாஸ்தா வாசித்துக் காட்டுவார். பிறகு அச்சுப் புத்தகம் வந்தது, ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சிறு பதிப்பும் வந்தது. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று பார்க்க உண்டானது, யாரிடம் போய் விற்கலாம் என்று பார்க்கும் புத்தகமாக மாறியது அப்படித்தான். டப்பனின் நிறுவனம் கைமாறி டன் என்பவரின் பெயருக்குப் போனது. போட்டியாளரான பிராட்ஸ்ட்ரீட்டோடு 1933இல் இணைந்தது. 1963இல் நிறுவனங்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுதான் டன்ஸ் எண். ஐபோனுக்குக் கம்பெனி பெயரில் ஒரு செயலி வெளியிட வேண்டுமென்றால் ஆப்பிள் இன்றைக்கும் அந்த எண்ணைக் கேட்கும். பட்டு வியாபாரி ஒருவரின் வாராக்கடன், கோயம்புத்தூரில் செயலி செய்கிறவரின் விண்ணப்பம் வரை வந்து நிற்கிறது.

பெயர் சேகரிப்பது இப்படி லாபமானது என்றால், சேகரித்ததைத் திருடுவது அதைவிட லாபம். லண்டனில் கெல்லியின் டைரக்டரியைப் பார்த்து மோரிஸ் என்பவர் ஒன்று போட்டார். அவருடைய வழி சுலபமானது. கெல்லி புத்தகத்தில் உள்ள விவரத்தை எடுத்துக்கொண்டு ஆட்கள் போவார்கள், அந்த விலாசத்தில் விசாரிப்பார்கள், சரியென்றால் அப்படியே தன் புத்தகத்தில் சேர்ப்பார். சரிபார்த்துத்தானே போட்டேன், இது எப்படித் திருட்டாகும் என்பது அவர் வாதம். 1866இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி பேஜ் வுட் அதை ஏற்கவில்லை. முன்னால் ஒரு டைரக்டரி இருந்ததே தெரியாதவர்போல முதலிலிருந்து நீயே நடந்து திரட்ட வேண்டும், அடுத்தவர் உழைப்பை எடுத்துக்கொண்டு உன் உழைப்பை மிச்சம் பிடிக்கக் கூடாது என்றார். பெயர் யாருக்கும் சொந்தமில்லை, அதைத் திரட்ட நடந்த நடைதான் சொத்து. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த தீர்ப்பு இது. பின்னால் வந்த ஒவ்வொரு புதுமையும், யாரோ நடந்த நடையை இன்னொருவர் எப்படி மிச்சப்படுத்தலாம் என்பதற்கான வழியாகவே இருந்திருக்கிறது.

ஆங்கிலேயர் போன இடமெல்லாம் டைரக்டரியும் கூடவே போனது. கல்கத்தாவிலிருந்து தாக்கர் டைரக்டரி வந்தது, சென்னையில் அசைலம் பிரஸ் பஞ்சாங்கமும் டைரக்டரியும் சேர்ந்த தடிமனான புத்தகம் போட்டது, கொழும்பில் பெர்குசன் குடும்பம் சிலோன் டைரக்டரி நடத்தியது. பெர்குசன் புத்தகத்தில் மலைநாட்டுத் தோட்டங்களும் அவற்றின் உரிமையாளர்களும் துரைமார்களும் வரிசையாக இருப்பார்கள். தோட்டத்துக்கு இயந்திரமோ உரமோ விற்க விரும்பியவருக்கு அது தேடிவைத்த புதையல். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வாங்கும் சக்தி இல்லாதவரை எந்த விற்பனைப் பட்டியலும் சேர்ப்பதில்லை.

இனி விபத்துகளின் காலம். 1886. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நார்த் ரெட்வுட் என்ற சின்ன ஊர். ரிச்சர்ட் சியர்ஸ் அங்கே ரயில் நிலைய ஏஜென்ட். உள்ளூர் நகைக்கடைக்காரருக்குச் சிகாகோவிலிருந்து ஒரு பெட்டி கடிகாரம் — அந்தக் காலத்தில் சங்கிலி போட்டுப் பையில் வைப்பது — வந்து இறங்கியது. கடைக்காரர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கை சியர்ஸ் தானே எடுத்துக்கொண்டார். யாரிடம் விற்பது? அவரிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அந்தத் தடத்தில் இருக்கும் மற்ற நிலைய ஏஜென்ட்கள்தான் அது. எல்லாருக்கும் நேரம் பார்க்கும் வேலை, எல்லாருக்கும் தந்தி வசதி, எல்லாரும் சக ஊழியர்கள். கடிகாரங்கள் போயின. சியர்ஸ் வேலையை விட்டார். அஞ்சல்வழி வியாபாரத்தில் அவர் கட்டிய நிறுவனம் அமெரிக்க வீடுகளுக்கு ஊசி முதல் முழு வீட்டுக்கான மரச் சட்டங்கள் வரை அனுப்பியது.

1905இல் சியர்ஸ் நிறுவனம் செய்தது இன்னும் சாமர்த்தியம். ஐயோவா மாநிலத்தில் இருந்த நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போட்டது. தலைக்கு 24 கேட்டலாக் அனுப்புகிறோம், அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் கொடுங்கள், கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள், அவர்கள் வாங்கினால் உங்களுக்குப் பரிசு. நடக்க வேண்டியவர் இப்போது வாடிக்கையாளர். அவர் தன் ஊரையே பட்டியலில் ஏற்றிக் கொடுத்தார். நண்பர்களை அழைத்தால் கேஷ்பேக் என்று இன்று கைப்பேசிச் செயலிகள் தொடர்புப் பட்டியலைக் கேட்பதற்கு மூதாதை இந்த ஐயோவா கடிதம்தான்.

பெயர் பெருகப் பெருக, அதை ஒவ்வொரு உறையிலும் கையால் எழுதுவது பெரும்பாடானது. ஐயோவாவிலேயே சூ சிட்டியைச் சேர்ந்த ஜோசப் டங்கன் 1890களில் முகவரி அச்சடிக்கும் அட்ரஸோகிராஃப் இயந்திரத்தைச் செய்தார். ரப்பர் எழுத்துகளில் தொடங்கி உலோகத் தகடுகளுக்கு வந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு தகடு. விலாசம் மாறினால் தகட்டைத் தூக்கிப் போட்டு வேறு அடிக்க வேண்டும். இதற்கிடையே தொலைபேசி வந்திருந்தது. 1878 பிப்ரவரியில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் வெளியான முதல் தொலைபேசிப் பட்டியல் ஒரே ஒரு தாள், 50 சந்தாதாரர்கள். அதில் எண்களே இல்லை. பெயரைச் சொன்னால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் இணைத்துவிடுவார். தொழில்வாரியாகப் பிரித்த மஞ்சள் பக்கங்கள் பிறகு வந்தன. வெள்ளைத் தாள் தீர்ந்துபோன ஓர் அச்சகத்தில் கையில் கிடைத்த மஞ்சள் தாளில் அடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நாடு முழுவதும் இருக்கும் ஒவ்வொரு கடையும் கம்பெனியும் ஏதோ ஓர் ஊரின் மஞ்சள் புத்தகத்தில் அச்சாகியே இருந்தது. அத்தனையையும் ஒருவர் சேர்த்துத் தட்டினால் என்ன ஆகும் என்று வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றினாலும் பொறுமை இல்லை.

வினோத் குப்தாவுக்குத் தோன்றியது, அதுவும் தற்செயலாக. சஹாரன்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, காரக்பூர் ஐ.ஐ.டி.யில் விவசாயப் பொறியியல் படித்து, மேல்படிப்புக்கு நெப்ராஸ்கா போனவர் அவர். 1970களின் தொடக்கத்தில் ஒமாஹாவில், சக்கரம் வைத்த நடமாடும் வீடுகளைத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. நாடு முழுவதும் இந்த வீடுகளை விற்கும் டீலர்களின் பட்டியல் வேண்டும் என்று மேலிடம் கேட்டது. சந்தையில் கிடைத்த பட்டியல்கள் பழசாகவும் ஓட்டையாகவும் இருந்தன. அமெரிக்காவில் உள்ள எல்லா ஊர் மஞ்சள் பக்கங்களையும் அனுப்பும்படி தொலைபேசி நிறுவனங்களுக்கு எழுதிவிட்டார் குப்தா. ஒருநாள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தடித்த புத்தகங்கள் மொத்தமாக வந்து இறங்கின. அலுவலக வாசலை அடைத்துக்கொண்டு மலையாகக் கிடந்த அவற்றை, உடனே அப்புறப்படுத்து என்று முதலாளிகள் கத்தினார்கள். வேறு இடமில்லாமல் தன் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுபோனார்.

அங்கே உட்கார்ந்து, ஒரு சக ஊழியரின் துணையோடு ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டி, டீலர்களைப் பொறுக்கி எழுதினார். முடித்ததும் கம்பெனியிடம் இரண்டு வழி வைத்தார். 9,000 டாலர் கொடுத்தால் பட்டியல் உங்களுக்கு மட்டும். இல்லையென்றால் இலவசமாகவே தருகிறேன், ஆனால் உங்கள் போட்டியாளர்களுக்கும் நான் விற்பேன். கம்பெனி இலவசத்தைத் தேர்ந்தெடுத்தது. குப்தா 100 டாலர் போட்டு மற்ற நடமாடும் வீட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பினார். மூன்று வாரத்தில் 22,000 டாலருக்குக் காசோலைகள் வந்தன, அதற்கு மேல் 13,000 டாலருக்கு ஆர்டர். 9,000 டாலரை மிச்சம் பிடித்த அந்த அதிகாரி பிறகு என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வீடு விற்பவர்களோடு நிற்கவில்லை. அடுத்தடுத்துப் பல தொழில்கள், பிறகு எல்லாத் தொழிலும். மஞ்சள் பக்கத்தில் இருந்ததைக் கணினியில் தட்டுவதும், தட்டியது சரிதானா என்று தொலைபேசியில் கேட்டுச் சரிபார்ப்பதும்தான் வேலை. 1972இல் தொடங்கி, பின்னாளில் இன்ஃபோ யு.எஸ்.ஏ., இன்ஃபோகுரூப் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2010இல் 60 கோடி டாலருக்கும் மேலான விலைக்கு விற்கப்பட்டது. முதல் மூலதனம் 100 டாலரும், மற்றவர்கள் இலவசமாக அச்சடித்துக் கொடுத்த புத்தகங்களும்.

குப்தா செய்தது மோரிஸ் செய்ததுதானே என்று கேட்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1991இல் இந்தக் கேள்வி நேராகவே வந்தது. கான்சாஸ் மாநிலத்தில் ரூரல் என்ற சிறு தொலைபேசி நிறுவனம் தன் டைரக்டரியைக் கொடுக்க மறுத்தது. ஃபெயிஸ்ட் என்ற பதிப்பகம் கேட்காமலே எடுத்துக்கொண்டது. ஃபெயிஸ்ட் போட்ட புத்தகத்தில் 1,309 பதிவுகள் அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தன. அவற்றில் 4 பேர் உலகத்திலேயே கிடையாது. திருடனைப் பிடிக்க ரூரல் வேண்டுமென்றே சொருகிவைத்த கற்பனை மனிதர்கள். கையும் களவுமாகப் பிடித்தும் ரூரல் தோற்றது. பெயர், ஊர், எண் இவை வெறும் தகவல், அகர வரிசையில் அடுக்குவதில் படைப்பு எதுவும் இல்லை, வியர்வை சிந்தியதற்காக மட்டும் காப்புரிமை கிடைக்காது என்றது நீதிமன்றம். 1866இல் லண்டன் நீதிபதி பூட்டிய கதவு, அமெரிக்காவில் 125 ஆண்டு கழித்துத் திறந்துகொண்டது. பட்டியலை வாடகைக்கு விடுபவர்கள் அதற்குப் பிறகும் பொய்ப் பெயர் சொருகுவதை விடவில்லை. ஒரு தடவைக்கு வாங்கியவர் இரண்டாம் தடவை பயன்படுத்தினால், கடிதம் அந்தப் பொய்யர் வீட்டுக்கு வந்து சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மின்னஞ்சலில் மொத்தமாக ஆள் சேர்த்த முதல் முயற்சியும் ஒரு விபத்தோடுதான் நடந்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்தவர்களின் பெயர், முகவரி அச்சிட்ட டைரக்டரியாகவே கிடைத்தது. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துர்க், அமெரிக்க மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குப் புதுக் கணினியின் செயல்விளக்கத்துக்கு அழைப்பு அனுப்ப நினைத்தார். டைரக்டரியைப் பார்த்து 400 பேர் அளவுக்கு முகவரிகள் தட்டப்பட்டன. பெறுநர் இடம் 320 வரைதான் கொண்டது. மிச்சம் வழிந்து அடுத்த கட்டத்துக்குப் போய், அங்கிருந்தும் வழிந்து கடிதத்தின் உள்ளேயே கொட்டியது. படித்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது அழைப்பு அல்ல, முகவரிக் குவியல். கண்டனம் பறந்தது, பிணையத்தை நடத்திய அதிகாரிகள் எச்சரித்தார்கள். இயந்திரங்களும் விற்றன. இவை இரண்டும் சேர்ந்தே நடந்ததுதான் பிற்பாடு வந்த எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

அதற்குப் பிறகு வேகம். 1987இல் டல்லஸைச் சேர்ந்த இருவர் ஆக்ட் என்ற மென்பொருளைக் கொண்டுவந்து, விற்பனையாளரின் முகவரிப் புத்தகத்தைக் கணினிக்குள் வைத்தார்கள். 1993இல் சீபெல், 1999இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்று சி.ஆர்.எம். நிறுவனங்கள் வந்தன. முன்பு விற்பனையாளர் வேலையை விட்டால் பட்டியலும் அவர் பையோடு போய்விடும். இப்போது அது கம்பெனியின் சொத்து. அவருக்குப் பதிலாக வருபவர் முதல் நாளே ஃபாலோ-அப் தொடங்கலாம். 2004இல் வந்த ஜிக்ஸா பழைய ஐயோவா வித்தையைத் திரும்பச் செய்தது. உங்களிடம் இருக்கும் விசிட்டிங் கார்டு விவரங்களை ஏற்றுங்கள், புள்ளிகள் கிடைக்கும், அதைக் கொடுத்து அடுத்தவர் ஏற்றியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. கார்டு கொடுத்தவரிடம் யாரும் கேட்கவில்லை. பலர் கொதித்தார்கள். 2010இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை 14 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

இவற்றுக்கெல்லாம் பெயர்களைச் சுமந்து வந்த வண்டி ஒன்று உண்டு. காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்பு, சி.எஸ்.வி. இதை எக்ஸலில் திறந்து மூடியவர்களுக்கு அதன் சேட்டை தெரியும். 044இல் தொடங்கும் சென்னை எண்ணின் முன் பூஜ்யம் காணாமல் போகும். நீளமான கைப்பேசி எண் பத்தின் அடுக்காகச் சுருங்கி, சேமித்த பிறகு திரும்பி வராது. மார்ச்1 என்று பெயர் கொண்ட மரபணுவை எக்ஸல் தேதியாக மாற்றிவிடுகிறதே என்று சலித்து, 2020இல் விஞ்ஞானிகள் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். விற்பனைக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாடிக்கையாளரின் எண்ணை மாற்றச் சொல்ல முடியாது.

2023இல், ஏ.ஐ. ஏஜென்ட்டுகளின் மூளையான மொழி மாதிரிகளுக்கு வெளி மென்பொருள்களை இயக்கும் வசதி பரவலாக வந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொதுவான இணைப்பு முறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே போட்டி நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. சி.ஆர்.எம். மென்பொருள் தன்னால் என்னென்ன முடியும் என்பதை ஒரு குறிப்பாக எழுதிவைக்கும். இங்கே புதிய ஆட்களைச் சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் இந்த இந்த விவரம் கட்டாயம், ஒரு தடவைக்கு இத்தனை பேர்தான். ஏஜென்ட் அதைப் படித்துக்கொண்டு, உங்கள் பி.டி.எஃப். கோப்பையோ புகைப்படத்தையோ பிரித்து வரிசைகளாக்கி அனுப்பும். சேல்ஸ்ஃபோர்ஸில் இதற்கான வழக்கமான வழியில் ஓர் அழைப்புக்கு 200 பதிவுகள், மற்ற சி.ஆர்.எம். மென்பொருள்களான ஹப்ஸ்பாட்டிலும் ஜோஹோவிலும் 100. ஐந்நூறு பேர் என்றால் கட்டுக்கட்டாகப் பிரித்து அனுப்ப ஏஜென்ட்டுக்குத் தெரியும்.

சிக்கல் கட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. 100 பேரில் 94 பேர் ஏறி, 6 பேர் தள்ளப்படலாம். தள்ளப்பட்டதற்கான காரணத்தை மென்பொருள் வரிவரியாகச் சொல்லும். அதைச் சரியாகப் படித்துவிட்டு அந்த 6 பேரை மட்டும் திருத்தி அனுப்புவது நல்ல ஏஜென்ட். பதில் வரத் தாமதமானால், போகவில்லை என்று எண்ணி 100 பேரையும் மறுபடி அனுப்புவது இன்னொரு வகை. ஒவ்வொருவரும் இரட்டையராக நிற்பார்கள், ஒரே ஆளுக்கு இரண்டு விற்பனையாளர்கள் போன் செய்வார்கள். மின்னஞ்சல் முகவரியையோ வேறு அடையாள எண்ணையோ சாவியாக வைத்து, இருந்தால் புதுப்பி, இல்லையென்றால் சேர் என்று சொல்லியிருந்தால் இதைத் தவிர்க்கலாம். இதைவிட ஆபத்தானது கட்டாயம் என்று போட்ட கட்டம். கையேட்டில் மின்னஞ்சல் இல்லை, கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அந்தக் கம்பெனியில் மற்றவர்களுக்கு இருக்கும் பாணியைப் பார்த்து, இவருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஒன்றை எழுதிவைக்க மொழி மாதிரிக்குத் தயக்கமே கிடையாது. ரூரல் நிறுவனம் 4 பொய் மனிதர்களை யோசித்துச் சொருகியது. இங்கே யாரும் யோசிக்காமலே சொருகப்படுகிறார்கள். முதலில் ஏற்றாமல் பட்டியலைக் காட்டு, ஊகித்ததைத் தனியாகக் குறி, 5 பேரை மட்டும் சோதனைக்கு ஏற்று என்று சொல்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். சேர்க்கும் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்டுச் சரிபார்க்கும் செலவு, குப்தா காலத்திலிருந்து பெரிதாக இறங்கவில்லை.

பட்டியலில் ஏறியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2003இல் அமெரிக்காவும், 2007இல் இந்தியாவில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயும், எங்களைக் கூப்பிடாதே என்று பதிவுசெய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 2018இல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜி.டி.பி.ஆர். வந்தது, 2023இல் இந்தியாவும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 2024 பிப்ரவரி முதல், ஒருநாளில் 5,000 மடலுக்கு மேல் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புபவர், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், பெறுநர்களின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று கூகுள் கறாராகச் சொல்லிவிட்டது. சட்டத்துக்குப் பயப்படாதவர்களும் இந்தச் சதவீதத்துக்குப் பயப்படுகிறார்கள். ஊகித்து எழுதிய முகவரிகளுக்கு அனுப்பும் மடல்கள் சுவரில் மோதித் திரும்பும். திரும்பத் திரும்ப, அந்தக் கம்பெனியின் நல்ல மடல்களும் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கும்.

கடைசியாக, நம் ஊர் சங்கதி ஒன்று. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு லீடைச் சேர்க்க முதல் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பெயர் கட்டாயம். அமெரிக்கர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாத மனிதர் கிடையாது, அதனால் இது யாருக்கும் உறுத்தவில்லை. சென்னையில் வேரூன்றி, தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில்கூட அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ 2005இல் சி.ஆர்.எம். கொண்டுவந்தது. அதிலும் லீடுக்குக் கடைசிப் பெயர்தான் கட்டாயம். உலகச் சந்தைக்குச் செய்யும்போது உலகம் பழகிய படிவத்தைத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. கே. முருகேசன் என்று விசிட்டிங் கார்டில் இருப்பவரின் கதி என்ன? 'கே' என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. தட்டுபவர் 'கே'வை முதல் பெயராகவும் முருகேசனைக் கடைசிப் பெயராகவும் போடுவார். முதல் பெயரைச் சொல்லி விளிக்கும் தானியங்கி மடல், அன்புள்ள கே என்று தொடங்கும். இதைக் கண்டு நொந்தவர்கள் முருகேசனை முதல் கட்டத்தில் போட்டுவிட்டு, கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துச் சமாளிக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கம்பெனிகளின் பழைய பதிவுகளைத் தோண்டினால் புள்ளியையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் ஏராளமாகக் கிடைப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைப் பார்த்து அதே முறையில் சேர் என்று ஏஜென்ட்டிடம் சொல்லிப் பாருங்கள். மதுரை கே. முருகேசனுக்கும் திருப்பூர் எஸ். செல்விக்கும் அது ஒரு கேள்வியும் கேட்காமல் புள்ளி வைத்துவிடும்.